வாசகர் கேள்வி: பெட்டியில் 255 என்று போட்டிருக்கிறது, போதுமா?

கேள்வி: இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் கார். பெரிய டர்போவும் இன்ஜெக்டரும் போட்டு 400 ஹெச்பி எடுக்கலாம் என்று திட்டம். டேங்க்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் தள்ளுகிற ஃப்யூவல் பம்ப், மணிக்கு 255 லிட்டர் தருவது போதும் என்கிறார் ஒரு நண்பர். இன்னொருவரோ, 450 வாங்கிப் போடு, பின்னால் பவர் ஏற்றினாலும் உதவும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவரையும் ஓரமாக உட்கார வைத்துவிட்டு முதலில் கணக்கைப் போடுங்கள். டர்போ பெட்ரோல் இன்ஜின் முழு லோடில் ஒரு ஹெச்பிக்கு மணிக்கு சுமார் 270 கிராம் பெட்ரோல் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால் 400 ஹெச்பிக்கு 108 கிலோ, அதாவது ஏறக்குறைய 146 லிட்டர். மேலே 20 சதவீதம் கையிருப்பு வைத்தால் 175. (400 என்பது இன்ஜினில் வரும் பவர். டைனோவில், அதாவது பவர் அளக்கும் மெஷினில், சக்கரத்தில் அளந்த எண் என்றால் கணக்கைக் கூட்டிப் போட வேண்டும்.)

அப்படியானால் 255 தாராளம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த 255 பெரும்பாலும் 3 பார் பக்கத்தில், 13.5 வோல்ட் கொடுத்து அளந்தது. பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், பூஸ்ட்டோடு (டர்போ தள்ளுகிற காற்றின் அழுத்தம்) சேர்ந்து ஏறுகிற வகையாக இருந்தால், அடிப்படை அழுத்தம் 3 பார், பூஸ்ட் 1.5 பார், ஆக பம்ப் தள்ள வேண்டியது 4.5 பாருக்கு எதிராக. தண்ணீர் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள், தரைத்தளக் குழாயில் கொட்டுவதும் நான்காவது மாடியில் கொட்டுவதும் ஒன்றா? அதனால் பெட்டி மேல் இருக்கிற எண்ணை விட்டுவிட்டு, தயாரிப்பாளர் தருகிற ஃப்ளோ சார்ட்டை (எந்த அழுத்தத்தில் எவ்வளவு தள்ளும் என்ற அட்டவணை) தேடி எடுத்து, உங்கள் அழுத்தத்தில் அந்த பம்ப் எத்தனை லிட்டர் தருகிறது என்று மட்டும் பாருங்கள். சார்ட்டே தராத பம்ப்பை நான் வாங்க மாட்டேன்.

அடுத்தது வோல்டேஜ், முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். கம்பெனி ஒயரிங் மெல்லியது, பழைய சின்ன பம்ப்புக்காகப் போட்டது. பெரிய பம்ப் அதிக கரண்ட் இழுக்கும்போது வழியிலேயே வோல்டேஜ் இறங்கிவிடும், 13.5 போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு 12 கூடப் போகாது, ஃப்ளோவும் அதோடு சேர்ந்து விழும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பேட்டரியில் இருப்பதைவிட ஒரு வோல்ட் குறைந்தாலே, பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் போட்டுத் தனியாகத் தடித்த ஒயர், ஒரு ரிலே, நல்ல எர்த். பம்ப்பை மாற்றுகிற அன்றைக்கே இதையும் முடித்துவிடுவது நல்லது, டேங்க்கை இரண்டாவது முறை திறக்க யாருக்கும் பிடிக்காது.

சரி, 450 ஏன் வேண்டாம்? ஓட்டத்தில் இன்ஜின் குடிக்காத பெட்ரோல் எல்லாம் ரிட்டர்ன் வழியாக டேங்க்குக்குத் திரும்ப வேண்டும். ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது, இன்ஜின் குடிப்பது கொஞ்சம்தான், பம்ப் தள்ளுவது ஏராளம். கம்பெனி ரெகுலேட்டரும் மெல்லிய ரிட்டர்ன் லைனும் அதைத் தாங்காமல் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், ஐடிலில் பெட்ரோல் தேவைக்கு மேல் போய் ரிச்சாகும், இன்ஜின் செட்டிங்கைச் சரிசெய்கிற டியூனர் எதைத் திருத்துவது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வார். போதாக்குறைக்கு டேங்க்கில் பெட்ரோல் சூடாகும், சத்தமும் கூடும்.

பெட்ரோல் மட்டும்தான் என்றால், ஒயரிங்கைச் சரி செய்துவிட்டு, சார்ட்டில் 4.5 பாரிலும் 175 லிட்டருக்குக் குறையாத அசல் 255 போடுங்கள், அதுவே போதும். பின்னால் ஈ85 (பெரும்பகுதி எத்தனால் கலந்த எரிபொருள்) ஊற்றுகிற எண்ணம் இருந்தால் கதை வேறு. அதற்கு ஏறக்குறைய 30 முதல் 40 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும், உங்கள் 175 லிட்டர் கிட்டத்தட்ட 240 ஆகிவிடும், அதுவும் 4.5 பாரில். அப்போது 340 வகைக்குப் போங்கள், ஈ85 தாங்கும் என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம், வால்ப்ரோ போன்ற பெயர்பெற்ற பம்ப் பிராண்டுகளுக்குப் போலி நிறைய உலவுகிறது. விலை பாதியாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். பூஸ்ட்டில் பெட்ரோல் போதாமல் லீன் ஆனால் பிஸ்டன் உருகும், அந்தச் செலவுக்கு முன்னால் பம்ப் விலை ஒன்றுமே இல்லை.

கேள்வி: என்னுடையது டைரக்ட் இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சுகிற) கார். டேங்க் பம்ப்பை மாற்றியும் மேல் ஆர்பிஎம்மில் அழுத்தம் விழுகிறது. பம்ப் மோசமா?

பதில்: எந்த அழுத்தம் விழுகிறது என்று எழுதவில்லையே! உங்கள் காரில் பம்ப் இரண்டு. டேங்க்கில் இருப்பது சில பார் அழுத்தத்தில் பெட்ரோலைக் கொண்டுவந்து கொடுப்பதோடு சரி. அதை நூறு, இருநூறு பாருக்கு ஏற்றுவது கேம்ஷாஃப்ட் ஓட்டுகிற ஹை பிரஷர் பம்ப். ஓட்டும்போது ஈசியூவிலிருந்து (இன்ஜின் கம்ப்யூட்டர்) டேட்டா லாக் எடுத்து இரண்டு அழுத்தத்தையும் பாருங்கள். டேங்க் பம்ப் தருகிற லோ பிரஷர் ஆடாமல் நின்று, ஹை பிரஷர் பம்ப் தருகிற ரெயில் பிரஷர் மட்டும் விழுந்தால், டேங்க்கில் எவ்வளவு பெரிய பம்ப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை, மாற்ற வேண்டியது பெரும்பாலும் ஹை பிரஷர் பம்ப்தான். இரண்டும் சேர்ந்து விழுந்தால் மறுபடி டேங்க் பக்கம் வாருங்கள், ஃபில்டர், வோல்டேஜ் என்று வரிசையாக.

கேள்வி: புது பம்ப் போட்ட பிறகு, டேங்க் கால்வாசிக்குக் கீழே போனால் நீளமான வளைவில் இன்ஜின் திணறுகிறது. நேர் ரோட்டில் பிரச்சினை இல்லை.

பதில்: வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. கம்பெனி பம்ப் உட்காருகிற கிண்ணத்துக்குள் புதியது சரியாக இறங்கியிருக்கிறதா, அடியில் இருக்கும் வலை ஃபில்டர் மடங்காமல் தரையைத் தொடுகிறதா என்று முதலில் பாருங்கள். டேங்க்கைத் திறந்ததும் திறந்தீர்கள், உள்ளே போட்ட ஹோஸையும் கவனியுங்கள். பெட்ரோலில் முழுசாக மூழ்கிக் கிடக்கத் தகுந்த ஹோஸ் தனி வகை, சாதாரண ஹோஸ் வெளிப்புறம் ஊறி வெடித்துவிடும், அப்போது நேர் ரோட்டிலும் அழுத்தம் விழும். இதெல்லாம் சரியாக இருந்தும் டிராக்கில் திணறினால் சர்ஜ் டேங்க் (பம்ப்புக்கு எப்போதும் பெட்ரோல் இருக்கும்படி வைக்கிற சின்னத் துணை டேங்க்) போட்டுவிடுங்கள். அதுவரை அரை டேங்க்குக்குக் கீழே விடாமல் ஓட்டுங்கள், திணறினால் உடனே காலை எடுங்கள்.