பட்டினி போட்ட பாத்தி

அன்புள்ள அம்மா,

நான் சிதம்பரத்தில் பி.எஸ்சி. வேளாண்மை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் பண்ருட்டிக்குப் பக்கம். எங்களுக்கு முந்திரியும் பலாவும் கொஞ்சம் மல்லாட்டையும் (நிலக்கடலை) இரண்டு மாடும் உண்டு. பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது அப்பா என்னைப் பலா மரத்தடிக்குக் கூட்டிப்போய், "பிஞ்செல்லாம் கருத்துக் கருத்துக் கொட்டுது, என்ன மருந்து அடிக்கலாம் சொல்லு" என்றார். எனக்குத் தெரியவில்லை. "இதுக்குத்தான் ஃபீஸ் கட்டறேனா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் உறுத்துகிறது.

கல்லூரியில் மாடு, பயிர், பழத்தோட்டம், மண், பூச்சி என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படிக்கிறோம். எதுவும் மனதில் நிற்பதில்லை. புள்ளியியல் பாடத்தை மனப்பாடம் செய்துதான் எழுதுகிறேன். விவசாயிக்கு அதனால் என்ன பயன் என்று புரியவில்லை. கூடப் படிப்பவர்கள் எல்லாரும் வங்கித் தேர்வுக்குத் தயாராகிறார்கள். நான் மேற்படிப்புக்குப் போவதா, வங்கிக்கா? இயற்கை விவசாயம், ரசாயன விவசாயம், இதில் நீங்கள் எந்தப் பக்கம்? என்ன புத்தகங்கள் படிக்கலாம்?

ம.

அன்புள்ள ம.,

என் பிள்ளையைவிடச் சின்னவன் நீ, அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

முதலில் அப்பாவுக்குப் பதில். பலாவில் கருத்துக் கொட்டுவதில் பெரும்பாலானவை பிஞ்சே இல்லை, ஆண் பூ. ஒரே மரத்தில் ஆண் கொத்தும் பெண் கொத்தும் தனித்தனியாக வரும். மகரந்தம் உதிர்ந்ததும் ஆண் கொத்துக்கு வேலை முடிந்தது. பூசணம் படர்ந்து, கருத்து, விழும். அதற்கு மருந்து கிடையாது, தேவையும் இல்லை. காம்பு மெலிந்து மேல்புறம் வழவழப்பாக இருந்தால் ஆண். காம்பு தடித்து, அடியில் பச்சையாக ஒரு வளையம் கட்டி, தொட்டால் சொரசொரவென்று இருந்தால் பெண். ஈரம் மிகுந்த வருஷங்களில் அதே பூசணம் பெண் பிஞ்சையும் பிடிக்கும், அப்போதுதான் கவலைப்பட வேண்டும். விழுந்ததையெல்லாம் பொறுக்கி அப்பாவோடு உட்கார்ந்து இரண்டு குவியலாகப் பிரித்துப் பார். மருந்துக் கடைக்குப் போவதா வேண்டாமா என்பதைக் குவியலைப் பார்த்தபின் முடிவு செய்யலாம். அவர் சிரித்ததற்கெல்லாம் உறுத்தல் எதற்கு? ஃபீஸ் கட்டுகிற அப்பா கொஞ்சம் சிரித்துக்கொள்ளட்டும்.

வங்கித் தேர்வு எழுது. வேளாண் அலுவலர் வேலை ஒன்றும் மட்டமில்லை. கடன் கேட்டு வருகிறவரின் பயிர் என்னவென்று தெரிந்த ஒருவர் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பது ஊருக்கு நல்லதுதான். இயற்கையா ரசாயனமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. புத்தகப் பட்டியல் யாருக்கும் கொடுப்பதில்லை, கொடுத்தால் பட்டியலைத்தான் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

போகிற போக்கில் புள்ளியியலைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறாய் பார், அதுதான் என்னை இந்த நேரத்தில் உட்கார வைத்திருக்கிறது. கொஞ்ச நாளாகவே எனக்கு இதே யோசனை. என் சித்தி மகன் தினமும் வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்புகிறான். ஒருவர் காய்த்துக் குலுங்கும் மரத்தின் முன் நின்று, இந்தக் கரைசலை அடித்தேன், அடுத்த வருஷமே இப்படி என்கிறார். கரைசல் அடிக்காத மரம் எங்கே? கேமரா அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. நிஜமாகவே நம்புகிறார். அதுதான் பிரச்சினை.

எங்கள் ஊரில் காய்க்காத பலாவை மிரட்டுவார்கள். ஒருவர் அரிவாளோடு போய், வெட்டப்போகிறேன் என்பார். இன்னொருவர் மரத்துக்காகப் பரிந்து, இந்த ஒரு வருஷம் விடு, காய்க்கும் என்பார். பெரும்பாலும் காய்க்கவும் செய்யும். விதை போட்டு வளர்த்த பலா ஏழெட்டு வருஷத்தில் காய்ப்புக்கு வரும். மனுஷனுக்குப் பொறுமை போவதும் ஏறக்குறைய அந்தக் கணக்கில்தான். மரம் காய்க்க இருந்தபோது அரிவாள் வந்தது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அரிவாளுக்குப் பதில் ஒரு லிட்டர் டானிக் பாட்டிலை வைத்துப் பார்.

உங்கள் பக்கத்தையே எடுத்துக்கொள். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. அப்போது நீ சின்னக் குழந்தையாக இருந்திருப்பாய். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் இன்றும் அதை எளிதாகப் பேசுவதில்லை. அதன் பிறகு ஊர் ஊராக ஒரே சமயத்தில் புதுக்கன்று வைத்தார்கள். முந்திரி ஒட்டுக்கன்று மூன்றாம் வருஷம் காய்க்கத் தொடங்கும். ஒட்டுப் பலா நாலைந்து வருஷம், விதைப் பலா அதற்கும் மேல். ஆக, ஒரு வட்டாரமே ஒரே வயசு மரங்களோடு காத்திருந்தது. அந்தச் சில வருஷங்களில் எதை ஊற்றியிருந்தாலும், எதையும் ஊற்றாமல் இருந்திருந்தாலும், காய்ப்பு ஏறித்தான் இருக்கும். அப்போது விற்ற டானிக்குகளுக்கு எல்லாம் நல்ல பெயர் கிடைத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

மாட்டில் இது தலைகீழாக நடக்கும். கன்று ஈன்று ஒன்றரை, இரண்டு மாதத்தில் கறவை உச்சத்துக்குப் போகும், அப்புறம் மெல்ல இறங்கும். இறங்கத் தொடங்கியதும்தான் வீட்டில் பதற்றம் வந்து தாது உப்பு வாங்குவார்கள். பால் மேலும் குறையும், ஏனென்றால் குறைகிற காலம் அது. உப்பு தண்டம் என்று முடிவாகிவிடும். நல்ல பொருளுக்குக் கெட்ட பெயர். உங்கள் வீட்டில் இரண்டு மாடு இருக்கிறது, இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஈன்றிருந்தால் ஒன்றுக்குக் கொடுத்து, ஒன்றுக்கு நிறுத்தி, சில வாரம் கழித்து மாற்றிச் செய்து பார்க்கலாம். கால்நடை ஆராய்ச்சியில் இது பழைய முறை. உன் புத்தகத்திலும் இருக்கும். நீ அதை மனப்பாடம் செய்திருப்பாய்.

சரி, மல்லாட்டைக்கு வருகிறேன்.

எங்கள் பெரியப்பாவுக்குக் கெடிலம் ஆற்றுக்குத் தெற்கே கொஞ்சம் கொல்லை இருந்தது. மார்கழிப் பட்டத்தில் மல்லாட்டை. ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்த ஒருவர் சைக்கிளில் வருவார். ஒல்லி, வெயிலில் கருத்த முகம், சட்டைப்பையில் எப்போதும் சணல் கயிறு. ஒரு வருஷம் ஜிப்சம் மூட்டையோடு வந்தார். மல்லாட்டையில் விழுது மண்ணுக்குள் இறங்கிக் காய் கட்டுகிறது அல்லவா, அந்தக் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். வேர் எடுத்தது தண்ணீரோடு இலைக்கு ஏறிவிடும், திரும்ப இறங்கிக் காய்க்கு வராது. காய் தன் தோல் வழியாகத் தானேதான் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். மேல்மண்ணில் இல்லையென்றால் ஓடு இருக்கும், உள்ளே பருப்பு இருக்காது, பொக்கு. அதனால்தான் 40, 45ஆம் நாளில் மண் அணைக்கும்போது செடியின் அடியில் எக்டருக்கு 400 கிலோ ஜிப்சம் போடச் சொல்கிறார்கள்.

இதெல்லாம் அவர் சொல்ல, பெரியப்பா தலையாட்டினார். தகராறு அப்புறம் வந்தது. அவர் பாத்திகளை இரண்டிரண்டாகக் கயிறு கட்டிப் பிரித்தார். ஒவ்வொரு சோடியிலும் ஒன்றுக்குத்தான் ஜிப்சம், மற்றதற்குக் கிடையாது என்றார். எதற்குப் போடுவது? சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துப் பூவா தலையா போட்டார்! பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏன்யா, எங்கொல்லையில என்னா சூதாட்டம்? போடறதுன்னா முழுசாப் போடு, இல்லாட்டி மூட்டையத் தூக்கிக்கிட்டுப் போ. பாதிப் பாத்தியப் பட்டினி போட எங்கிட்ட என்ன கொழுப்பா இருக்கு?"

பண்ணைக்காரர் கோபப்படவில்லை. கிணற்றடிப் பாத்தி எப்போதும் நன்றாக விளையும், நான் பாட்டுக்கு அங்கே ஜிப்சத்தைப் போட்டுவிட்டு, பார்த்தீர்களா என்று உங்களை ஏமாற்றலாம். எனக்கே தெரியாமல்கூட அப்படிச் செய்துவிடுவேன், கை தானாக நல்ல பாத்திக்குப் போகும். காசுக்கு எந்தப் பாத்தி நல்லது என்று தெரியாது, அதனால்தான் அதைக் கேட்கிறேன் என்றார். பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் மறுத்துப் பேச வாய் வரவில்லை. பெரியம்மா உள்ளிருந்து, போட்டுட்டுப் போகட்டும் விடுங்க என்றதும் முடிந்தது.

பிடுங்கிய பிறகு பாத்திவாரியாகக் காய் ஆயச் சொன்னார். நாங்கள் பிள்ளைகளும் பெண்களோடு உட்கார்ந்து ஆய்ந்தோம். எது எந்தப் பாத்தி என்று எங்களுக்குச் சொல்லவில்லை. ஆனால் காய் ஆய்கிற பெண்களுக்கு விரலிலேயே தெரிந்துவிட்டது, பொக்கைக் கிள்ளிக் கிள்ளி ஒதுக்கினார்கள். அளந்தபோது மேட்டுப்பக்கப் பாத்திகளில் ஜிப்சம் போட்டதற்கும் போடாததற்கும் பெரிய வித்தியாசம். தாழ்வாக இருந்த பக்கம், மண் கொஞ்சம் கனமான இடம், அங்கே இரண்டும் கிட்டத்தட்ட சமம். பெரியப்பா ஆத்திரமாக, ஆக போடணுமா வேணாமா, ஒரே வார்த்தையில சொல்லு என்றார். அந்த மனிதருக்கு அந்தச் சமமான பாத்திகளைப் பார்த்துத்தான் அதிக சந்தோஷம். மேட்டுல போடுங்க, பள்ளத்துக்கு வாங்கற காசை மிச்சம் பண்ணுங்க என்றார். பட்டினி போட்ட பாத்திகள் இல்லாவிட்டால் இந்தப் பதில் யாருக்கும் கிடைத்திருக்காது. முழுக்கப் போட்டிருந்தால் ஜிப்சம் நல்லது என்று தெரிந்திருக்கும், பள்ளத்தில் காசு வீணாகியிருக்கும், அதை வருஷா வருஷம் செய்திருப்போம்.

தம்பி, நீ பயன் இல்லை என்று எழுதிய பாடம் இதுதான். உன் பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் வேறு, பக்கத்துக்குப் பக்கம் சூத்திரம் இருக்கும், எனக்கு அந்தச் சூத்திரங்கள் தெரியாது. ஆனால் அது எதற்காகப் பிறந்தது என்று தெரியும். பாத்திக்குப் பாத்தி மண் வேறு, மாட்டுக்கு மாடு உடம்பு வேறு, வருஷத்துக்கு வருஷம் மழை வேறு. இத்தனைக்கும் நடுவில், இது நான் செய்ததால் நடந்ததா, தானாக நடந்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அந்தத் தேவை முதலில் கணக்கு வகுப்பில் வரவில்லை, வயலில்தான் வந்தது. இங்கிலாந்தில் ராதம்ஸ்டட் என்ற பண்ணையில் 1843இல் கோதுமை வயலை நீள நீளத் துண்டுகளாகப் பிரித்து வேறுவேறு உரம் போட்டார்கள். ஒரு துண்டுக்கு எதுவும் போடவில்லை, இன்றுவரை போடவில்லை. அங்கே குவிந்த பல பத்தாண்டுக் கணக்கைப் பிரித்துப் பார்க்க 1919இல் வேலைக்கு வந்தவர்தான் ரொனால்ட் ஃபிஷர். நீ உருப்போடும் பாதிப் பாடம் அவருடையது. பூவா தலையாவுக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அவ்வளவு தூரம் போக வேண்டாம், கோயம்புத்தூரில் 1909இல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை வயல் இருக்கிறது, அங்கேயும் எருவே காணாத துண்டு உண்டு. ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வா. அந்த எரு காணாத துண்டுக்கு எத்தனை பேர் எத்தனை காலமாகக் காவல் இருந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்.

எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் படிக்கிறோம், எதுவும் நிற்கவில்லை என்கிறாய். மாடு ஒரு நோட்டு, பயிர் ஒரு நோட்டு, பழமரம் ஒரு நோட்டு என்று வைத்துக்கொண்டால் எப்படி நிற்கும்? உங்கள் வீட்டில் மல்லாட்டைக்கொடி மாட்டுக்குப் போகிறது, சாணி முந்திரிக்குப் போகிறது. ஒன்றில் மாற்றினால் இன்னொன்றில் தெரியும். கேட்க வேண்டிய கேள்வி மூன்றிலும் ஒன்றுதான்: எதோடு ஒப்பிட்டு இதைச் சொல்கிறாய்? இந்தக் கேள்வியை வாத்தியாரிடமும் கேள், உரக்கடைக்காரரிடமும் கேள், இயற்கை விவசாயம் என்று முழங்குகிறவரிடமும் கேள். பதில் சொல்கிறவரோடு பேசலாம், மற்றவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வா.

உன் கல்லூரிக்காரர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. இறுதி ஆண்டில் ஊரில் தங்கி வேலை பழகும் திட்டம் வரும். அருமையான திட்டம். அதில் பிள்ளைகள் செய்வது என்ன? விவசாயிகளை வரிசையாக நிற்க வைத்து, விதை நேர்த்தி செயல்விளக்கம் என்று பேனர் பிடித்து, பத்திரிகைக்குப் படம் அனுப்புவது. விதை நேர்த்தி செய்யாத ஒரு பாத்தியை விட்டுவைத்து, அறுவடைக்குத் திரும்பி வந்து அளந்த ஒரு குழுவை எனக்குக் காட்டு, நானே புதுச்சேரியிலிருந்து பஸ் பிடித்து வந்து பிரியாணி வாங்கித் தருகிறேன். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் இந்தப் புதுச்சேரியில்தான் தொடங்கியது. இந்த மாதிரி நிலையங்களின் வேலைகளில் முதலாவது, விவசாயியின் நிலத்திலேயே புதியதையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. நீங்கள் பேனரோடு நிற்கிறீர்கள்.

திட்டிவிட்டேன், பரவாயில்லை. அடுத்த மார்கழியில் அப்பா மல்லாட்டை போட்டால் ஆறு பாத்தி கேள். மூன்று சோடி, காசு சுண்டித்தான் தீர்மானிக்க வேண்டும், உனக்குப் பிடித்த பாத்தியை எடுக்கக் கூடாது. ஜிப்சமே வேண்டும் என்றில்லை, சித்தி மகனின் வீடியோக் கரைசலாகக்கூட இருக்கட்டும். தனித்தனியாக ஆய்ந்து, காயவைத்து, எடை போடு. பொக்கையும் தனியாக எடை போடு. எண்களை மட்டும் எனக்கு அனுப்பு, படம் வேண்டாம். அப்பா சும்மா தரமாட்டார், பெரியப்பா கேட்டதையேதான் அவரும் கேட்பார். மூன்று பாத்தியில் குறைகிற மல்லாட்டைக்கு என்ன விலையோ, அதை உன் மாதச் செலவில் பிடித்துக்கொள்ளச் சொல். ஒரு மாதம் சினிமா போகாவிட்டால் கணக்கு நேராகிவிடும்.