ஒரே நகரத்தில் இரண்டு விமான நிலையங்கள்: எங்கிருந்து கிளம்புவது?

கேள்வி: எங்கள் நகரத்தில் இரண்டு விமான நிலையங்கள் உள்ளன. வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதில் டிக்கெட் விலை அதிகம். ஊருக்கு வெளியே இருப்பதில் குறைவு, ஆனால் விமானம் காலை 6 மணிக்கு. வயதான பெற்றோரும் என்னோடு வருகிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: உங்கள் கேள்வியில் விலையைவிட முக்கியமானது அந்தக் காலை 6 மணிதான். உள்நாட்டுப் பயணம் என்றால் 4 மணிக்கும், வெளிநாடு என்றால் 3 மணிக்கும் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் பெரும்பாலான நகரங்களில் மெட்ரோ ஓடாது. அப்படியானால் டாக்சி, இல்லாவிட்டால் முந்தின இரவே அங்கே போய் அறை எடுத்துத் தங்குவது. இந்தச் செலவையும் டிக்கெட்டோடு சேர்த்துத்தான் இரண்டையும் ஒப்பிட வேண்டும். மலிவு டிக்கெட்டில் பெட்டிக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஒரு விஷயம் உங்களுக்குச் சாதகம். டிக்கெட்டில் மிச்சமாகும் பணம் மூன்று பேருக்கும் சேர்த்து மும்மடங்காகும், டாக்சி வாடகையோ ஒன்றுதான். தனியாகப் போகிறவருக்குக் கட்டுப்படியாகாத தொலைதூர நிலையம் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகலாம்.

தூரத்தைக் கிலோமீட்டரில் மட்டும் அளக்காதீர்கள். டோக்கியோவின் ஹனேடா நகருக்குள்ளேயே இருக்கிறது, நரிட்டா சுமார் 60 கி.மீ. தள்ளி. ஆனாலும் நரிட்டாவுக்கு நேரடி விரைவு ரயில் இருப்பதால், ரயில் ஓடும் நேரத்தில் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று தைரியமாகச் சொல்லலாம். நெரிசலான 20 கி.மீ. சாலைக்கு அந்த உறுதி கிடையாது. மறுபக்கம், பாரிஸ் என்ற பெயரில் விற்கப்படும் பொவே விமான நிலையம் பாரிஸிலிருந்து 80 கி.மீ.க்கும் அப்பால் இருக்கிறது. பெயரை நம்பாமல், உங்கள் வீட்டு வாசலிலிருந்து, நீங்கள் கிளம்பப்போகும் அதே நேரத்துக்கு, வரைபடத்தில் வழி போட்டுப் பாருங்கள். திரும்பி வரும் நாளுக்கும் அப்படியே செய்யுங்கள். கடைசி ரயில் போன பிறகு வந்து இறங்கினால், மிச்சம் பிடித்த பணம் அங்கேயே போய்விடும்.

அப்புறம், பலரும் பார்க்காமல் விடுவது ஒன்று உண்டு. நான் அதிக மதிப்பெண் கொடுப்பது அதற்குத்தான். நீங்கள் போகும் ஊருக்கு அந்த நிலையத்திலிருந்து ஒரு நாளில் எத்தனை விமானங்கள்? நாளுக்கு ஐந்தாறு இருந்தால், ஒன்று ரத்தானாலும் மாலைக்குள் வேறொன்றில் இடம் கிடைக்க வாய்ப்புண்டு. வாரத்துக்கு மூன்றே என்றால் இரண்டு நாள் காத்திருக்க நேரலாம். பெற்றோரை வைத்துக்கொண்டு அந்த நிலைமையில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

வழியில் விமானம் மாற வேண்டியிருந்தால் கூடுதல் கவனம் தேவை. தேடும்போது லண்டன், நியூயார்க் என்று நகரத்தின் பெயரைப் போட்டால் அதன் எல்லா விமான நிலையங்களும் சேர்ந்தே வரும். விலையைப் பார்க்க அது வசதி. ஆனால் லண்டனின் ஒரு நிலையமான ஹீத்ரோவில் இறங்கி இன்னொன்றான காட்விக்கில் ஏறுவது போன்ற இணைப்புகளும் அதில் கலந்திருக்கும். அதற்குக் குடியேற்றச் சோதனையைத் தாண்டி நாட்டுக்குள் நுழைய வேண்டும், அதற்கான விசா வேண்டும், பெட்டிகளை நீங்களே இழுத்துக்கொண்டு பஸ் பிடிக்க வேண்டும். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது.

சரி, என் முடிவு: பெற்றோர் வருவதால் இந்த 6 மணி விமானம் வேண்டாம். டாக்சி வாடகை போக மிச்சம் பெரிய தொகையாக இருந்தாலொழிய, பக்கத்து நிலையத்திலிருந்தே கிளம்புங்கள். தூர நிலையத்தில் அதே விலையில் காலை 10 மணிக்கு மேல் விமானம் இருந்தால் என் பதில் மாறும். அப்போது ரயிலில் போகலாம், எல்லோரும் தூங்கி எழுந்து கிளம்பலாம். எதுவானாலும், பெற்றோருக்குச் சக்கர நாற்காலி தேவைப்பட்டால் 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். விமானத்துக்குப் படியேறிப் போக வேண்டியிருக்குமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.