வீடியோ எடுக்கட்டும், கேரம் போர்டை வைத்து எடுக்கட்டும்

அம்மா, உங்கள் பையன் பிளஸ் ஒன், பயோ மேத்ஸ். டியூஷன் முடிந்து வந்ததும் மொட்டை மாடிக்குப் போய் போனைப் பார்த்து ‘ஹாய் பிரெண்ட்ஸ்’ என்று ஆரம்பித்துவிடுகிறான், ஹார்பரில் கண்டெய்னர் லாரி ஓட்டிவிட்டு அலுப்போடு வரும் அவன் அப்பா அதைப் பார்த்துக் கத்துகிறார், போனைப் பிடுங்கி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிடுங்க வேண்டாம். அதற்காக இப்போது எடுப்பதுபோலவே எடுக்கட்டும் என்றும் சொல்ல மாட்டேன். அனுப்பிய வீடியோக்களைப் பார்த்தேன். பாடப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரி வரியாக வாசிக்கிறான், பின்னால் ஒரு சினிமா பாட்டு, நீளமோ கால் மணி நேரம். இதற்குப் புத்தகத்தையே எடுத்துப் படித்துவிடலாமே என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும்.

இனி நேராக உங்கள் பையனிடமே பேசுகிறேன், படித்துக் காட்டுங்கள்.

தம்பி, முழுப் பாடத்தையும் நடத்துவதற்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அதில் அவர்களோடு போட்டி போட உன்னால் முடியாது. ஆனால் அவர்களிடம் இல்லாத ஒன்று உன்னிடம் இருக்கிறது. இந்தப் பாடத்தில் எந்த இடத்தில் மண்டை குழம்பும் என்பது உனக்கு இன்னும் மறக்கவில்லை. இருபது வருடம் நடத்தியவருக்கு அது மறந்திருக்கும். ஆகவே ஒரு வீடியோவுக்கு ஒரே ஒரு சந்தேகம், அதுவும் நீயோ உன் பெஞ்சில் இருப்பவனோ நிஜமாகவே மாட்டிக்கொண்ட சந்தேகமாக இருக்க வேண்டும். ‘வேலை, ஆற்றல், திறன், முழுப் பாடம்’ என்று தலைப்பு வைக்காதே. ‘கனமான பொருள் லேசான பொருளை இடித்தால் எது வேகமாகப் போகும்?’ என்று வை.

இதைக் காட்ட உனக்கு லேப் வேண்டாம். நீ இருப்பது வட சென்னை, தெருவுக்கு ஒரு கேரம் போர்டு இருக்கிறது. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கிய காசிமா உங்கள் பக்கத்துப் புது வண்ணாரப்பேட்டைப் பெண். ஸ்ட்ரைக்கர் ஏறக்குறைய 15 கிராம், காய் 5 கிராம் சொச்சம். நேருக்கு நேர் அடித்தால், ஸ்ட்ரைக்கர் என்ன வேகத்தில் வந்ததோ அதைவிட அதிக வேகத்தில் காய் கிளம்பும், ஸ்ட்ரைக்கரும் நிற்காமல் பின்னாலேயே கொஞ்ச தூரம் போகும். அடுத்து ஸ்ட்ரைக்கரை ஓரமாக வைத்துவிட்டு ஒரு காயை இன்னொரு காய் மேல் நேராகச் சுண்டிப் பார். சுண்டிய காய் கிட்டத்தட்ட இடித்த இடத்திலேயே நின்றுவிடும், மற்றது ஓடும். ஏன் இந்த வித்தியாசம்? மொத்த உந்தம் (நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் வருவது) மாறாது, மோதல் ஓரளவுக்கு மீட்சி மோதல், அதாவது இயக்க ஆற்றல் அதிகம் வீணாகாத மோதல், நிறை மட்டும்தான் மாறியிருக்கிறது. உன் பிளஸ் ஒன் இயற்பியலில் மோதல்கள் என்று வரும் பகுதி இதுதான். போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துவிட்டு அதன் பக்கத்தில் சமன்பாட்டை எழுதிக் காட்டு, போதும். வீடியோவும் ஆயிற்று, பரீட்சைக்குப் படித்த மாதிரியும் ஆயிற்று. (போரிக் பவுடர் போட்டும் போடாமலும் எடுத்தால் உராய்வுக்கு இன்னொரு வீடியோ கையில் இருக்கும்.)

சரி, எப்படி ஆரம்பிப்பது? தவறான பதிலில் இருந்து ஆரம்பி. ஓடிக்கொண்டிருக்கும் காயைக் காட்டி, ‘இப்போது இந்தக் காயை முன்னால் தள்ளும் விசை எது?’ என்று நண்பர்களிடம் கேட்டுப் பார். பெரும்பாலும் ‘ஸ்ட்ரைக்கர் கொடுத்த விசை’ என்றுதான் பதில் வரும். ஸ்ட்ரைக்கரை விட்டு விலகிய பிறகு காயை முன்னால் தள்ள எந்த விசையும் கிடையாது, பின்னால் இழுக்கும் உராய்வு மட்டும்தான் இருக்கிறது. அந்தத் தவறான பதிலை வீடியோவில் ஒருவன் நம்பிக்கையோடு சொல்லட்டும், அது ஏன் சரியில்லை என்று நீ உடைத்துக் காட்டு. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. டெரிக் முல்லர் என்பவர் சிட்னி பல்கலைக்கழகத்தில் 2008இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில் இதைத்தான் சோதித்தார். தெளிவாக, குழப்பமே இல்லாமல் விளக்கும் வீடியோவைப் பார்த்தவர்கள் ‘நன்றாகப் புரிந்தது’ என்றார்கள், ஆனால் மதிப்பெண் பெரிதாக ஏறவில்லை. தவறான எண்ணங்களை எடுத்துப்போட்டு விவாதித்த வீடியோவைப் பார்த்தவர்கள் ‘குழப்பமாக இருந்தது’ என்றார்கள், மதிப்பெண் ஏறியது. ஏற்கெனவே தெரிந்ததுதானே என்று நினைத்துக்கொண்டு பார்ப்பவர் மண்டையில் எதுவும் ஏறாது.

நீளம் 6 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் மாணவர்கள் வீடியோ பார்த்த 69 லட்சம் தடவைகளின் பதிவுகளை அலசி 2014இல் ஒரு ஆய்வு வந்தது, அதில் 6 நிமிடத்துக்குள் இருந்த வீடியோக்களைத்தான் மாணவர்கள் ஒழுங்காகப் பார்த்திருந்தார்கள். வெறும் ஸ்லைடைக் காட்டிப் பேசுவதைவிட கையால் எழுதிக்கொண்டே பேசுவது மேல் என்பதும் அதில் தெரிந்தது. ஆக, ஸ்லைடு செய்து நேரத்தை வீணாக்காதே. இரண்டு பக்கமும் புத்தகத்தை அடுக்கி, நடுவில் இடைவெளி விட்டு, பின் கேமரா கீழே பார்க்கும்படி போனைக் குறுக்கே வைத்தால் மேலிருந்து உன் கையையும் நோட்டையும் எடுக்கலாம். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும், உன் கை நிழல் எழுத்தின் மேல் விழாமல் பார்த்துக்கொள்.

படத்தைவிட ஒலிதான் பெரிய தலைவலி, அதுவும் உங்கள் பக்கம். எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி, கொருக்குப்பேட்டை பக்கம் ரயில், எங்காவது ஒரு கோயில் ஸ்பீக்கர். மொட்டை மாடியை விட்டுவிடு, அங்கே காற்று மைக்கில் அடிக்கிறது, பாதிப் பேச்சு கேட்கவே இல்லை. உள்ளறையில் ஃபேனை நிறுத்திவிட்டு, துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, மெத்தைப் பக்கம் உட்கார்ந்து, சாதாரண இயர்போன் மைக்கை வாய்க்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பேசினால் எதிரொலி வெகுவாகக் குறையும். வியர்க்கும்தான், என்ன செய்வது. பின்னணிப் பாட்டு வேண்டவே வேண்டாம், கவனமும் சிதறும், காப்புரிமைப் புகாரும் வரும். நீ பேசுவதை எல்லாம் அப்படியே திரையில் எழுத்தாகப் போடாதே, முக்கியமான சொல்லும் சமன்பாடும் வந்தால் போதும். படம் வேண்டுமென்றால் நீயே வரை, அல்லது யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று படங்களைத் தரும் விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் இருந்து எடுத்து, படத்தை உருவாக்கியவர் பெயரையும் உரிமத்தையும் கீழே குறிப்பிடு.

போடுவதற்கு முன்னால் எழுதிய ஸ்கிரிப்டை உன் இயற்பியல் ஆசிரியரிடம் காட்டு. யூடியூபில் ஒரு தடவை ஏற்றிய வீடியோவுக்குப் பதிலாக அதே லிங்கில் வேறு வீடியோவை வைக்க முடியாது, தவறான பகுதியை வெட்டலாம், அவ்வளவுதான். அப்புறம் உன் தெருவில் பத்தாவது படிக்கும் ஒரு பையனைக் கூப்பிட்டு வீடியோவைக் காட்டி, அதில் வராத ஒரு கணக்கைக் கொடு. அவன் போட்டுவிட்டால் வீடியோ நல்ல வீடியோ. வியூஸ் நாற்பதோ நாலாயிரமோ, அதை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

அம்மா, மறுபடியும் உங்களுக்கு. காசு வருமா என்று அவன் அப்பா கேட்டாராம். யூடியூப் விளம்பர வருமானத்தில் பங்கு தர, மற்ற வழிகளும் உண்டு என்றாலும், சாதாரணமாக 1,000 சந்தாதாரர்களும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும், பணம் வாங்கும் கணக்குக்கு 18 வயது ஆக வேண்டும், இல்லாவிட்டால் பெற்றோர் பெயரில் இருக்க வேண்டும். பிளஸ் டூ முடியும்வரை இதில் வருமானத்தை எதிர்பார்க்காதீர்கள், இஎம்ஐயில் கேமராவும் வாங்கித் தராதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒன்று போதும், ஜனவரி பிறந்தால் பரீட்சை முடியும்வரை நிறுத்திவிடட்டும்.

வேலை என்று பார்த்தால் இந்தப் பழக்கத்துக்கு மதிப்பு இருக்கிறது. தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019இல் இருந்து நடக்கிறது, ஐஐடிகளின் இணையவழிப் பாடத் திட்டமான என்பிடெல், அண்ணா பல்கலைக்கழகத்தின் கல்வி மல்டிமீடியா மையம் என்று பாடத்தை வீடியோவாக்கும் இடங்கள் சென்னையிலேயே உண்டு, தனியார் நிறுவனங்களிலும் பாட வடிவமைப்பு என்று தனி வேலை இருக்கிறது. ஆனால் இதற்காக இப்போதே குரூப் மாற்ற வேண்டாம். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கவோ, தரமணி எம்ஜிஆர் திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவோ படத்தொகுப்போ படிக்கவோ ஆசை வந்தால் பிளஸ் டூவுக்குப் பிறகு போகலாம். என்னைக் கேட்டால் பி.எஸ்சி இயற்பியலும் பி.எட்டும் முடித்து, கையில் நல்ல வீடியோக்களும் வைத்திருக்கும் பையனைத்தான் பள்ளிகள் தேடும் என்பேன். பாடம் தெரியாமல் எடிட்டிங் மட்டும் தெரிந்தவர்கள் ஊரில் நிறையப் பேர்.

யூனிஃபார்மோடு, பள்ளிப் பெயர் தெரியும்படி, வீட்டு வாசலைக் காட்டி எடுக்க வேண்டாம் என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வகுப்பில் எடுப்பதென்றால் தலைமை ஆசிரியர் அனுமதி வேண்டும். சேனல் இருக்கும் ஜிமெயிலுக்கு மீட்பு எண்ணாக உங்கள் எண்ணைக் கொடுத்துவிடுங்கள், கமெண்டுகளை அவனோடு உட்கார்ந்து நீங்களும் பாருங்கள்.