பேட்ஜர் தோல் கெட்டுப்போனது ஏன்?

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் மாட்டுப் பண்ணை ஒன்றில் வேலை செய்யும் வாசகர் பேட்ஜர் (மண்ணில் வளை தோண்டி வாழும், ரோமமுள்ள ஊனுண்ணி விலங்கு) பற்றிக் கேட்கிறார்: "உரிமம் எடுத்து, பண்ணைக்காரர் அனுமதியோடு போன நவம்பரில் பேட்ஜருக்குப் பொறி வைத்தேன். முதலில் மாட்டியது பொறியைக் கட்டிய முளையைப் பிடுங்கி, பொறியோடு ஓடிவிட்டது. இரண்டாவதைக் கொன்று, மறுநாள் மாலை உரித்து ஹீட்டர் பக்கத்தில் காயவைத்தேன். வயிற்று முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. தோல் மஞ்சளாகி, மடித்தால் விரிசல் விடுகிறது. எங்கே தவறு?"

தப்பி ஓடியதைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன். காலில் இரும்போடு போன விலங்கு இரை தேட முடியாமல் மெதுவாகச் சாகும். தோல் கெட்டதைவிட எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

பேட்ஜர் பிறவியிலேயே மண் தோண்டி. முன்கால் நகங்கள் ஐந்து சென்டிமீட்டர் வரை நீளும். பொறியில் கால் மாட்டியதும் நரி இழுத்துப் பார்க்கும், பேட்ஜரோ தோண்ட ஆரம்பித்துவிடும். சங்கிலி எட்டும் தூரம் முழுக்க வட்டமாகக் குழி பறித்து, முளையைச் சுற்றியுள்ள மண்ணையும் தளர்த்திவிடும். மணல் கலந்த நிலத்தில் ஒற்றை முளை காலைவரை நிற்காது. 60 முதல் 75 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு கம்பிகளைப் பெருக்கல் குறிபோல ஒன்றையொன்று வெட்டும்படி சாய்த்து, தலை மண்ணுக்குள் போகும்வரை அடியுங்கள். சங்கிலி குட்டையாக இருக்கட்டும், இரண்டு இடத்திலாவது சுழலும் வளையம் வேண்டும். வேலிக்கம்பி எட்டும் இடத்தில் வைக்கவே வைக்காதீர்கள்.

வைக்கும் இடத்துக்கு அடையாளம் சுலபம். வளையின் வாய் உயரத்தைவிட அகலமாக, முன்னால் புதுமண் குவிந்து இருந்தால் அது பேட்ஜர் வளை. உடம்பே தட்டையானது அல்லவா, வளையும் அப்படித்தான் இருக்கும். முன்கால்களை அகட்டி வைத்து நடப்பதால், பொறியை வாயின் நேர் நடுவில் வைக்காமல் சற்று ஒதுக்கி வையுங்கள். தடித்த தாடையுள்ள கால்பொறி காயத்தைக் குறைக்கும். தினமும் விடிந்ததும் போய்ப் பாருங்கள். மாட்டியிருந்தால் தாமதிக்காமல், உங்கள் மாகாண விதிப்படி ஒரே குண்டில் முடித்துவிடுங்கள்.

இன்னொன்று. குதிரைக் கால் குழியில் சிக்கி முறியுமே என்று பண்ணைக்காரர் பயப்படுவது நியாயம். ஆனால் மேய்ச்சல் நிலத்தை வளை தோண்டிச் சல்லடையாக்கும் கோஃபர் என்ற தரை அணில்களைத் தின்பதும் இதே பேட்ஜர்தான். மாடும் குதிரையும் போகாத மூலையில் இருப்பதை விட்டுவிடுங்கள். ஒன்டாரியோ, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணங்களில் உள்ள பேட்ஜர்கள் அழியும் நிலையில் உள்ளவை. அங்கே வேலை மாறிப்போனால் இந்தப் பேச்சே கூடாது. எல்லைக்குத் தெற்கே விஸ்கான்சினிலும் அதற்குப் பாதுகாப்பு உண்டு.

சரி, தோலுக்கு வருவோம். உங்கள் இரண்டு சேதத்துக்கும் காரணம் கொழுப்புதான். குளிர்காலத்துக்கு முன் பேட்ஜர் உடம்பில் கொழுப்பு கனமாகச் சேர்ந்திருக்கும். செத்த பிறகும் அது போர்வைபோல உடல் சூட்டைப் பிடித்து வைக்கும். வயிற்றுத் தோல் மெல்லியது, குடலும் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு இரவும் பகலும் கிடந்தால் அங்கேதான் முதலில் அழுகல் தொடங்கி முடியின் வேர் கழலும். அதனால் அன்றைக்கே, முடிந்தால் சில மணி நேரத்துக்குள் உரியுங்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். வெறிநோய், துலரேமியா என்ற பாக்டீரியா நோய் போன்றவை காட்டு விலங்குகளிடமிருந்து நமக்குத் தொற்றக்கூடியவை.

உரிப்பதற்கு முன் முடியைச் சீப்பால் வாரி, ஒட்டுமுள்ளையும் மண்கட்டியையும் எடுத்துவிடுங்கள். பலர் விட்டுவிடும் வேலை இது. முடிக்குள் ஒரு முள்கட்டி இருந்தால், மறுபக்கம் கொழுப்பு வழிக்கும்போது அந்த இடம் மேடாகி, கத்தி பட்டவுடன் ஓட்டை விழும். ரத்தக் கறையைக் குளிர்ந்த நீரில் மட்டும் கழுவுங்கள். சுடுநீர் கறையை இறுக்கிவிடும்.

உரித்த தோலைக் கொஞ்ச நேரம் குளிரில் போட்டால் கொழுப்பு இறுகும், வழிக்க எளிது. உருண்டையான மரத்தின் மேல் போர்த்தி, இரண்டு கைப்பிடியுள்ள கத்தியால் கழுத்திலிருந்து வாலை நோக்கித் தள்ளுங்கள். கழுத்திலும் தோளிலும் தோல் தடிமன், அழுத்தலாம். வயிற்றிலும் முலைக்காம்புகளைச் சுற்றியும் கத்தியைச் சாய்த்து, இதமாகத் தள்ளினால் போதும். நடுநடுவே மரத்தூள் தூவித் துடைத்தால் வழுக்காது. வால் எலும்பை உருவி, வாலை நுனிவரை கீறிவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே அழுகும்.

அப்புறம் குளிர்ந்த நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு அலசுங்கள். தோல் கைக்குப் பிசுபிசுத்தால் இன்னொரு முறை வழித்து, இன்னொரு முறை கழுவ வேண்டும். இதில் சோம்பல்படாதீர்கள். தங்கிவிட்ட கொழுப்பு காற்றுப் பட்டு, சூட்டில் உருகித் தோலுக்குள் இறங்கி, தோலின் நார்களையே தின்றுவிடும். உங்களுக்குக் கிடைத்த மஞ்சள் நிறமும் விரிசலும் அதனால் வந்தவைதான். ஹீட்டர் வேலையை வேகப்படுத்தியிருக்கிறது. நிழலில், 15 முதல் 18 டிகிரி செல்சியஸில், மின்விசிறிக் காற்றில் காயவையுங்கள்.

விரித்து ஆணியடிப்பதா, குழாயாக உரித்துப் பலகையில் இழுப்பதா என்பதை வாங்குபவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். இரண்டு வழக்கமும் உண்டு. காய்ந்த ரோமத்தோலாக விற்பதென்றால் உப்பு வேண்டாம். பதனிட அனுப்புவதென்றால் அயோடின் சேர்க்காத தூளுப்பை, தோலின் எடைக்குச் சமமாக, ஓரம் விடாமல் தேய்த்து ஒரு நாள் வையுங்கள். நீர் வடிந்ததும் அதை உதறிவிட்டுப் புது உப்பு.

கையில் இருக்கும் மஞ்சள் தோலை எந்தப் பதனிடுவோராலும் மீட்க முடியாது. ஆனால் முதுகு முடியை இழுத்துப் பாருங்கள். உறுதியாக இருந்தால் அடியோடு வெட்டி, நுனிகள் ஒரே பக்கம் இருக்கும்படி கட்டி வையுங்கள். ஷேவிங் ப்ரஷ் செய்பவர்களும் மீன் தூண்டிலுக்குப் பொய்ப்பூச்சி கட்டுபவர்களும் பேட்ஜர் முடியைப் பயன்படுத்துகிறார்கள்.