டேப்பைத் தொடுகிறானா, வாயைத் திறக்கிறானா?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. ஒன்பதாம் வகுப்பு, தமிழ் மீடியம். எதைக் கேட்டாலும் ஒரு வார்த்தையில்தான் பதில். பள்ளியில் நடந்ததைச் சொல்லச் சொன்னால் “அது வந்து… அங்க… அவன்…” என்று இழுத்து நிறுத்திவிடுகிறான். நாலு மாதமாக வாரம் ஒரு நாள் வேலூருக்கு ஸ்பீச் தெரபிக்குக் கூட்டிப்போகிறேன். அங்கே பாதி நேரம் ஏதோ ஒரு ஆப்பைப் போட்டு டேப்லெட்டைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். “ஃபோன்தான் அவன் வாயை அடைச்சுது, இப்போ அதுக்குக் காசு வேற கொடுக்கறியா” என்கிறார் மாமியார். வீட்டுக்காரர் லுங்கி நெசவு. ஒரு டேப் வாங்கி அந்த ஆப்பை வீட்டிலேயே போட்டுக் கொடுத்தால் பஸ் செலவாவது மிஞ்சாதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குடியாத்தம்

பதில்: சகோதரி, டேப் வாங்கச் சேர்த்த பணத்தைத் தொடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் தெரபிஸ்ட் சரியாகச் செய்கிறாரா என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. நீங்களே பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். அடுத்த முறை உள்ளே உட்கார அனுமதி கேளுங்கள். திரையைப் பார்க்க வேண்டாம், மகனின் வாயைப் பாருங்கள். படம் வருகிறது, தொடுகிறான், ‘டிங்’ என்கிறது, அடுத்த படம் என்று போய்க்கொண்டே இருந்தால் அது விரலுக்குத்தான் பயிற்சி. ஆனால் படம் வந்ததும் தெரபிஸ்ட் கையால் திரையை மறைத்து, “இவன் ஏன் ஓடறான்? அதுக்கு முன்னாடி என்ன நடந்திருக்கும்?” என்று கேட்டு, அவன் திணறும்போது அவசரப்படாமல் காத்திருந்து, அவன் சொன்ன அரை வாக்கியத்தை முழுசாக்கிச் சொல்லிக்காட்டி, மறுபடியும் அவன் வாயாலேயே சொல்ல வைக்கிறார் என்றால், அங்கே டேப் வெறும் படப் புத்தகம். உண்மையான வேலை நடக்கிறது, நீங்கள் பஸ் ஏறியது வீண் இல்லை.

அதே ஆப்பை வீட்டில் தனியாகக் கொடுத்தால் போதாதா என்கிறீர்கள். போதாது. ஆற்காடு பக்கத்திலிருந்து எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் ஸ்பீச் தெரபிக்கு வந்துகொண்டிருந்தாள். சொல்லையும் படத்தையும் பொருத்தும் ஆப்பில் மூன்று வாரத்தில் நட்சத்திரமாகக் குவித்தாள், நானும் தேறிவிட்டாள் என்று நம்பினேன். ஒருநாள் ஏன் லேட் என்று கேட்டபோது “பஸ்… அது… நின்னுச்சு” என்பதற்கு மேல் வரவில்லை. டயர் பஞ்சரானது, எல்லோரையும் இறக்கிவிட்டது, வேறு பஸ் பிடித்தது எல்லாமே அவளுக்குத் தெரியும், அதைக் கோத்துச் சொல்லத்தான் வரவில்லை. அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து “அப்புறம்? அதனால?” என்று கேட்டுக் கேட்டு வாங்கினேன். நட்சத்திரம் கொடுக்கும் ஆப் அந்தக் கேள்வியைக் கேட்காது.

இன்னொன்று, கிடைக்கிற ஆப்களில் பாதி, சின்னப் பிள்ளைகளுக்காக ஆங்கிலத்தில் செய்தவை. ஆப்பிளையும் யானையையும் காட்டினால் மீசை முளைக்கிற பையன் கூச்சப்பட மாட்டானா? ஒன்பதாம் வகுப்பில் அவனுக்கு வேண்டியது பெயர்ச்சொல் இல்லை, நீளமான வாக்கியம். “கடைக்குப் போனான். பால் வாங்கினான். வந்தான்” என்பதைக் “கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தான்” என்று சேர்க்க வேண்டும். “மாமா நேற்று வந்தார், ஒரு பை கொடுத்தார்” என்பது “நேற்று வந்த மாமா கொடுத்த பை” ஆக வேண்டும். தமிழில் வாக்கியம் நீளுவதே இந்தப் ‘போய்’, ‘வாங்கி’, ‘வந்த’, ‘கொடுத்த’ வழியாகத்தான். ஆங்கில ஆப்பில் இது இருக்காது. அதோடு நம் பிள்ளைகள் பேசுவது ஒரு தமிழ், பாடப் புத்தகத்தில் இருப்பது வேறு தமிழ். வாயில் ‘அதனால’ தடுமாறும் பிள்ளை பரீட்சைத் தாளில் ‘ஆகவே’, ‘எனினும்’ எழுத எவ்வளவு கஷ்டப்படும் என்று யோசியுங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்? உங்கள் கையில் இருக்கும் ஃபோனில் கேமராவும் குரல் பதிவும் இருக்கிறது, அது போதும். அப்பாவின் தறிக்கு அவனைக் கூட்டிப்போய் ஐந்தே ஐந்து படம் எடுக்கச் சொல்லுங்கள். சாயம் போட்ட நூல், தார் (குறுக்கு நூல் சுற்றும் குச்சி) சுற்றுவது, பாவு (நீளவாக்கு நூல்), தறியில் நாடா (குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடும் கட்டை) ஓடுவது, மடித்த லுங்கி. படத்தை வரிசைப்படுத்திவிட்டு, தறிப் பக்கமே போகாத யாரிடமாவது அவன் விளக்கிச் சொல்லட்டும். எதிரில் இருப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த கதையைச் சொல்ல எந்தப் பிள்ளைக்கும் மனசு வராது. பாட்டிக்குத் தறி தெரியும் என்றால் அவருக்குப் பள்ளிக்கூடத்தைப் படம் எடுத்துச் சொல்லட்டும். அவரே கேள்வி கேட்கட்டும். ஃபோன் வாயை அடைத்தது என்கிறவரே கேட்டால் பையன் நன்றாகவே பேசுவான் என்று நினைக்கிறேன். நடுவில் “இழை அறுந்தா என்ன பண்ணுவாங்க?” மாதிரி ஒரு கேள்வி போதும், ‘அறுந்தால்’, ‘இல்லையென்றால்’ எல்லாம் தானாக வந்து விழும்.

சொல்வதைப் பதிவு செய்யுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். உடனே போட்டுக் கேட்டு, எங்கெல்லாம் ‘அது’ என்றானோ அங்கே எந்தச் சொல் வர வேண்டும் என்று அவனையே நிரப்பச் சொல்லிவிட்டு மறுபடி பதியுங்கள். இரண்டு பதிவையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது அவன் முகத்தைப் பாருங்கள். தவறாகச் சொன்னால் “தப்பு” என்று வெட்டாதீர்கள், சரியான வாக்கியத்தை நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள், போதும். தினமும் பத்து நிமிடம், திரை அதற்கு மேல் வேண்டாம். குரலைக் கேட்டு எழுதும் வசதியையும் தமிழில் போட்டுப் பார்க்கலாம், தான் சொன்னது எழுத்தில் ஓடுவதைப் பார்த்துத் திருத்துவது பெரிய பிள்ளைகளுக்குப் பிடிக்கும். உச்சரிப்பு சரியா என்று அதை நீதிபதி ஆக்கிவிடாதீர்கள், நன்றாகப் பேசுகிறவர்கள் சொன்னதையே அது தப்பாக எழுதும்.

காது பரிசோதனை ஆகிவிட்டதா என்று கடிதத்தில் இல்லை. ஆகவில்லை என்றால் சி.எம்.சி.யிலோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலோ முதலில் அதைப் பாருங்கள். தெரபிஸ்டிடம் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேட்பதும் தப்பில்லை, 1992 சட்டப்படி அந்தப் பதிவு வேண்டும். மகனுக்கு எழுத்திலும் சிரமம் இருந்தால் தலைமை ஆசிரியரிடம் இந்த வருடமே பேசுங்கள். கற்றல் குறைபாட்டுக்கு உரிய சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு, ஆனால் விண்ணப்பம் பள்ளி வழியாகப் போக வேண்டும், கடைசி மாதத்தில் ஓடினால் கிடைக்காது.

அடுத்த வாரம் வேலூர் போகும்போது அந்த ஐந்து படங்களையும் இரண்டு பதிவுகளையும் தெரபிஸ்டுக்குக் காட்டுங்கள். அவருடைய டேப்பில் இருக்கும் படங்களுக்குப் பதிலாக உங்கள் வீட்டுத் தறியை வைத்துப் பயிற்சி கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.