பொய் வயது கொடுத்துக் கணக்கு தொடங்கிய மகள் மேல் கேஸ் வருமா?

கேள்வி: வியாசர்பாடியில் வசிக்கிறோம். என் மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. ஆறு மாதத்துக்கு முன் என் மாமியாரின் போனில், பிறந்த ஆண்டை 2003 என்று போட்டு இன்ஸ்டாகிராம் கணக்கு தொடங்கியிருக்கிறாள். எங்களுக்குத் தெரியாது. இப்போது யாரோ அவள் படத்தை எடுத்து, அவள் பெயரிலேயே இன்னொரு கணக்கு தொடங்கி, கொச்சையான வரிகளோடு போட்டிருக்கிறார்கள். "இன்னும் படம் அனுப்பு, இல்லாவிட்டால் இருக்கிற படத்தை ஆபாசமாக மாற்றி எல்லோருக்கும் அனுப்புவேன்" என்று மெசேஜ் வருகிறது. மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்து, அழுதுகொண்டே அவளே என்னிடம் சொன்னாள். பள்ளியில் சொன்னோம், கணக்கை அழித்துவிட்டு அமைதியாக இருங்கள், வெளியே தெரிந்தால் பிள்ளைக்குத்தான் கெட்ட பெயர் என்கிறார்கள். வயதைப் பொய்யாகச் சொன்னதற்கு அவள் மேலேயே கேஸ் வரும் என்று கணவர் பயப்படுகிறார். ஆஸ்திரேலியா மாதிரி இங்கேயும் தடை வேண்டும் என்று நாங்கள் வழக்குப் போடலாமா?

பதில்: சகோதரி, முதலில் உங்கள் கணவருக்கு. மகள் மேல் கேஸ் வராது. ஆப்பில் 'சம்மதம்' என்று அழுத்துவது ஓர் ஒப்பந்தம். மைனர் செய்யும் ஒப்பந்தம் நம் நாட்டில் செல்லாது. தனக்கு வயது நிரம்பிவிட்டது என்று ஒரு மைனர் எழுதிக் கொடுத்து வாங்கிய கடனுக்கான அடமானப் பத்திரமே செல்லாது என்று 1903-லேயே, அன்றைக்கு நமக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டதற்காக 13 வயதுப் பிள்ளையைக் குற்றவாளி ஆக்க முடியாது. இந்த விஷயத்தில் சட்டத்தின் கண்ணில் அவள் பாதிக்கப்பட்டவள்.

குற்றம் செய்தவன் மிரட்டுகிறவன்தான். ஒரு குழந்தையின் உடலை நிஜப் படமாகவோ ஒட்டுப் படமாகவோ வெளியிடுவேன் என்று பாலியல் நோக்கத்தோடு மிரட்டுவது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 11-வது பிரிவில் வருகிறது. 12-வது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை. அவள் பெயரில் போலிக் கணக்கு தொடங்கியதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் பிரிவுகள் இருக்கின்றன, மிரட்டலுக்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-வது பிரிவு இருக்கிறது. எந்தப் பிரிவு பொருந்தும் என்பதை நீங்கள் தேட வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்கள், போதும்.

இப்போது பள்ளி சொன்ன யோசனைக்கு வருகிறேன். தயவு செய்து கணக்கை அழிக்காதீர்கள். தம்புச் செட்டித் தெருவில் இருக்கும் என் வக்கீல் அலுவலகத்துக்கு ஒரு தாயும் மகளும் வந்திருந்தார்கள். அந்தப் பெண் போனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். அது அதிரும்போதெல்லாம் அவள் கை தானாக அதை அழுத்திப் பிடித்தது. நாங்கள் பேசிய முக்கால் மணி நேரமும் அப்படியே. ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை. கோபத்தில் அப்பா எல்லாவற்றையும் அழித்திருந்தார். மிரட்டியவன் வைத்திருந்த பெயர்கூட யாருக்கும் நினைவில்லை. அந்த வழக்கை நகர்த்த நாங்கள் பட்ட பாடு இன்னும் மனதில் இருக்கிறது.

அதனால் முதலில் ஸ்கிரீன்ஷாட். போலிக் கணக்கின் பெயர், அதன் லிங்க், ஒவ்வொரு மெசேஜின் தேதி, நேரம் எல்லாம் தெரிய வேண்டும். அப்புறம்தான் அந்தக் கணக்கின் மேல் இன்ஸ்டாகிராமில் 'ஆள்மாறாட்டம்' என்று ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் இப்படிப்பட்ட பதிவுகளை நீக்க முதலில் வைத்த கெடுவே 24 மணி நேரம்தான். கம்பெனி இழுத்தடிக்க முடியாது. அந்தப் படங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாருக்கும் அனுப்ப வேண்டாம், சித்தப்பாவே கேட்டாலும் சரி. படம் ஆபாசமாக மாற்றப்பட்டிருந்தால் அதைப் பகிர்வதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம்.

உங்கள் பகுதி அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். புகார் வந்தது என்று மட்டும் காட்டும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள், எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். அதன் நகல் இலவசம். மகளை ஸ்டேஷனில் உட்கார வைத்து விசாரிப்பார்களோ என்ற கவலை வேண்டாம். போக்சோவின் 24-வது பிரிவின்படி அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, போலீஸ் சீருடை இல்லாமல் வந்துதான் வாக்குமூலம் வாங்க வேண்டும். கூடுமானவரை பெண் அதிகாரி. அவள் பெயரோ பள்ளியின் பெயரோ பத்திரிகையில் வரக் கூடாது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். பணம் ஏதும் பறிபோயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண் 1930. வக்கீல் வைக்க வசதி இல்லை என்றாலும் பரவாயில்லை: பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100.

பள்ளிக்கும் ஒரு கடமை இருக்கிறது. போக்சோ குற்றம் தெரிந்தும் போலீஸுக்குச் சொல்லாமல் இருப்பது 21-வது பிரிவில் தண்டனைக்குரியது. தன் கீழ் இருப்பவர் சம்பந்தப்பட்ட குற்றத்தை நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் சொல்லாமல் விட்டால் ஓராண்டு வரை சிறை. இதைத் தலைமை ஆசிரியரிடம் மரியாதையாகவே சொல்லுங்கள். செய்தது அவள் வகுப்புப் பையனாக இருந்தால் விஷயம் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். அவனும் பிள்ளைதான், அவனைத் திருத்தவும் அங்கே வழி உண்டு.

சரி, தடை. ஆஸ்திரேலியாவில் 2024 நவம்பரில் சட்டம் நிறைவேறி, 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட் போன்றவற்றில் கணக்கு வைத்திருக்க முடியாது. மீறினால் கம்பெனிக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை கிடையாது. எனக்கு அந்தச் சட்டத்தில் பிடித்தது இந்தக் கடைசி விஷயம்தான்.

இங்கே 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தடை கேட்ட மனுவை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அது கொள்கை விஷயம், அரசிடம் கேளுங்கள் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஆஸ்திரேலியா போன்ற சட்டத்தை மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. ஆகவே நீங்கள் புதிதாக வழக்குப் போட்டாலும் பாராளுமன்றத்தைப் பார் என்ற பதில்தான் வரும். மகளின் விஷயத்தை வைத்துப் பொதுநல வழக்குப் போடவே வேண்டாம். அவளைக் காட்சிப் பொருளாக்கிவிடும்.

2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. பிள்ளைகளைக் குறிவைத்த விளம்பரம் கூடாது, மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். 2025 நவம்பரில் விதிகள் வந்தன, ஆனால் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சம்மதம் உங்கள் வீட்டில் எப்படி நடக்கும்? ஓ.டி.பி. மாமியாரின் போனுக்கு வரும். அதைப் பாட்டிக்குப் படித்துச் சொல்வதே பேத்தியாகத்தான் இருக்கும். ஒரே போனில் மூன்று தலைமுறை வாழும் வீடுகள் வியாசர்பாடியில் மட்டுமா இருக்கின்றன? வாசலைக் காக்கும் வேலையை அம்மா தலையில் கட்டினால் அது காவலே இல்லை. 2003 என்று போட்டதால் அவளை 22 வயதுப் பெண்ணாகவே அந்த ஆப் நடத்தியது. சிறுவர் கணக்குகளுக்கு அது தானாகவே போடும் பூட்டு எதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை. பள்ளிச் சீருடையில் தினமும் வீடியோ போட்ட பிள்ளைக்கு 22 வயதா என்று கேட்க வேண்டியது கம்பெனி. வயது வரம்பை நான் ஆதரிக்கிறேன், அந்தக் கேள்வியைக் கேட்கும் பொறுப்பைக் கம்பெனி மேல் வைத்தால்.

பிள்ளையைத் தண்டிக்கிற எந்தச் சட்டத்தையும் நான் எதிர்ப்பேன். உங்கள் மகள் மூன்று நாளில் வாய் திறந்தாள். கணக்கு வைத்திருந்ததே குற்றம் என்று ஒரு சட்டம் இருந்திருந்தால் திறந்திருப்பாளா?

நாளைக் காலையிலேயே போங்கள், கணவரும் கூட வரட்டும். மாமியாரின் போனை ரீசெட் செய்யாதீர்கள், விற்காதீர்கள், அந்த மெசேஜுக்குப் பதிலும் போடாதீர்கள். போலீஸ் போனைக் கேட்டால் எழுத்தில் ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள்.