வஞ்சிரம் பெருகினால் சாளை தாங்குமா?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டத்தில் நாட்டுப்படகு வைத்துத் தொழில் செய்கிறேன். சின்ன வஞ்சிரத்தை இனிப் பிடிப்பதில்லை என்று எங்கள் ஊர்ச் சங்கத்தில் பேசி வருகிறோம். சாளை வலைக்காரர்களோ, "வஞ்சிரம் பெருகினால் சாளையைத் தின்று தீர்த்துவிடும்" என்கிறார்கள். வேறு சிலர், "சாளையும் நெத்திலியும் மீன்மாவு ஆலைக்குப் போனால் வஞ்சிரம் எதைத் தின்று பெருகும்?" என்று கேட்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டாவது கேள்விதான் என்னையும் உறுத்துகிறது. சாளைக்காரர்களின் பயம் புரிகிறது, ஆனால் வஞ்சிரம் ஒரே இரையை நம்பிப் பிழைக்கும் மீன் அல்ல. சாளை குறைந்தால் நெத்திலி, காரல், கணவாய் என்று மாறிக்கொள்ளும். இந்தச் சின்ன மீன்கள் எல்லாமே ஒரே சமயத்தில் குறைவதுதான் ஆபத்து.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், செசபீக் விரிகுடாவில், உங்கள் கேள்வியே ஒரு காலத்தில் எழுந்தது. அங்கே ஸ்ட்ரைப்டு பாஸ் என்ற பெரிய வேட்டை மீன் அளவுக்கு மீறிப் பிடிபட்டு அருகிப்போனது. 1985இல் மேரிலாந்து மாநிலம் அதைப் பிடிக்கவே தடை போட்டது. ஐந்து வருடம் பொறுத்தார்கள். 1995இல் மீன் மீண்டுவிட்டது என்று அறிவிப்பும் வந்தது. அப்புறம் சில வருடங்களிலேயே மெலிந்த மீன்களும் தோலில் புண் வந்த மீன்களும் வலையில் ஏறின. நோய்க்கு இரைக்குறைவு எவ்வளவு காரணம் என்பது இன்றும் விவாதம்தான். ஆனாலும் எல்லோர் பார்வையும் பாஸின் இரையான மென்ஹேடன் என்ற மீன் பக்கம் திரும்பியது. நம் சாளைக்கு உறவான, எண்ணெய்ச் சத்துள்ள அந்த மீனை மனிதர்கள் அதிகம் சாப்பிடுவதில்லை. மாவுக்கும் எண்ணெய்க்கும் டன் கணக்கில் அள்ளினார்கள்.

2020 ஆகஸ்டில், எவ்வளவு மென்ஹேடன் பிடிக்கலாம் என்று கணக்குப் போடும் முறையையே அங்குள்ள மீன்வள நிர்வாகத்தினர் மாற்றினார்கள். மென்ஹேடன் இனம் அழியாமல் இருந்தால் போதும் என்பது பழைய கணக்கு. பாஸ் போதுமான அளவுக்குப் பெருகி நிற்க எவ்வளவு மென்ஹேடன் கடலில் இருக்க வேண்டும் என்று பார்த்து, அதற்கேற்ப மனிதர்களின் பங்கை வரையறுப்பது புதிய கணக்கு. இதில் ஒன்றை மறக்கக் கூடாது. 2019 ஆய்வில் பாஸ் மறுபடியும் குறைந்திருந்தது தெரிந்தது. அதையே அதிகம் பிடித்ததுதான் முக்கியக் காரணம். இரையை மட்டும் காப்பாற்றி வேட்டை மீனை மீட்க முடியாது.

சரி, உங்கள் ஊருக்கு வருவோம். வஞ்சிரம் ஏறக்குறைய 70 செ.மீ. வளர்ந்த பிறகுதான் முட்டையிடத் தயாராகிறது. சின்னது மாட்டினால் திருப்பி விடலாம் என்ற யோசனை வேண்டாம். செவுள் மாட்டிய வஞ்சிரம் மிகச் சீக்கிரம் செத்துவிடும், விட்டும் பயனில்லை. வஞ்சிரம் பிடிக்கும் பரு வலையின் கண்ணி அளவைப் பெரிதாக்கத் தீர்மானம் போடுங்கள், அதுதான் வேலை செய்யும்.

சாளை வலைக்காரர்களிடம் சாளை பிடிக்காதே என்று சொல்லாதீர்கள், அது நியாயமும் இல்லை. குஞ்சுச் சாளையை மாவு ஆலைக்குக் கொடுப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். கேரளத்தில் 10 செ.மீ.க்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கத் தடை இருக்கிறது. அங்கே மத்தி என்பது நம் சாளைதான். அதே அளவை நீங்களும் பேசி முடிவு செய்யலாம். வளர்ந்த சாளை சாப்பாட்டுக்கு விலைபோகும் என்பதால் அவர்களுக்கும் இது நஷ்டக் கணக்கு அல்ல. சாளை வரத்து மழையையும் நீரோட்டத்தையும் பொறுத்துத் தானாகவே ஏறி இறங்கும். வரத்து குறைந்த வருடத்தில், மிஞ்சிய கூட்டத்தைத் தேடிப்போய் வளைப்பதை மட்டும் எல்லோருமாகத் தவிர்த்துவிடுங்கள்.

இரை போதுகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு நோட்டு போதும். மாதம் பத்து வஞ்சிரத்தின் நீளம், எடை, வயிற்றில் இருந்தது என்ன என்று எழுதுங்கள். வயிறு காலியாக இருப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், வலையில் மாட்டும்போது பல மீன்கள் தின்றதைக் கக்கிவிடும். அதே நீளமுள்ள மீன், அதே மாதத்தில், போன வருடத்தைவிட எடை குறைந்து வந்தால் மீன்வளத் துறையிடமும் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையத்திலும் அந்த நோட்டைக் காட்டுங்கள்.